தாழப் பறக்கும் கருங்கழுகு

மூடுபனி விலகத் தொடங்கிவிட்டது. இனி அது வரும். செண்பகவல்லி பின்பக்க ஜன்னலை ஒட்டி, ஒரு கண் வெளியிலும் ஒரு கண் தொட்டிலிலுமாக நின்றாள். உத்தரத்துக் கொக்கியில் கட்டிய சேலைத் தொட்டில் அசையாமல் தொங்கியது. அசையாவிட்டாலும் சந்தேகம், அசைந்தாலும் சந்தேகம். போய் விரலை மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். மூச்சு இருந்தது. திரும்பி ஜன்னலுக்கு வந்ததும், தான் உணர்ந்தது குழந்தையின் மூச்சுதானா, தன் கையில் பட்ட காற்றா என்று தோன்றியது. மறுபடி போனாள். தினகரன் காலையிலேயே மருந்தடிக்கும் ஆட்களோடு மேல்காட்டுக்குப் போய்விட்டான். தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசர் வேலை என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வீடு. முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். போட்டாளா? போட்டாள், இரும்பு கையில் குளிர்ந்தது நினைவிருக்கிறது. அது இன்றைய குளிரா நேற்றைய குளிரா? இந்த மலையில் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் கோடே இல்லை. கோவில்பட்டியில் அப்படி இல்லை. கரிசல் காட்டில் வானம் கடைசி வரைக்கும் தெரியும். எந்தப் பறவை வந்தாலும் வெகுதூரத்திலேயே புள்ளியாகத் தெரிந்து, வளர்ந்து, இன்னது என்று தன்னைச் சொல்லிவிட்டுத்தான் தலைக்கு மேல் வரும். இங்கே மரத்துக்குப் பின்னாலிருந்து திடீரென்று வந்து நிற்கிறது. எப்போது புறப்பட்டது, எங்கே ஒளிந்திருந்தது, எவ்வளவு நேரமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியாது. இந்த வீட்டிலும் எல்லாமே அப்படித்தான் வருகிறது.

முதல் நாள் அதைப் பாம்புண்ணிக் கழுகு என்றுதான் நினைத்தாள். விலங்கியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தவள், ஒரு பறவையைப் பார்த்ததும் பெயர் வைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் பாம்புண்ணி உயரத்தில் வட்டமடித்துக்கொண்டே கத்தும். அரை மைலுக்கு அப்பாலும் கேட்கும். இறக்கையின் அடியில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். இது கத்தவே இல்லை. பட்டையும் இல்லை. சரி, மலைக் குடுமிக் கழுகு என்று மாற்றிக்கொண்டாள். அதற்கு இறக்கை அகலமாய், வட்டமாய் இருக்கும், வயிற்றில் வரி வரியாய்க் கோடு ஓடும். இதற்கு அதுவும் இல்லை. கழுகை நிறத்தை வைத்துச் சொல்லக்கூடாது, நிறம் வயதுக்கு வயது மாறி ஏமாற்றும், வடிவத்தைப் பார், பறக்கும் விதத்தைப் பார் என்று மாணவிகளுக்கு அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அதனால் வடிவத்தைப் பார்த்தாள். உடம்பை ஒட்டிய இடத்தில் இறக்கை குறுகி, வெளியே போகப் போகத் துடுப்பு மாதிரி அகன்றது. நுனியில் இறகுகள் விரல்களாய்ப் பிரிந்து மேல்நோக்கி வளைந்தன. இரண்டு இறக்கையையும் லேசாய்த் தூக்கிப் பிடித்திருந்தது. நீண்ட வால். உடம்பு முழுக்கக் கறுப்பு. அலகின் அடியும் பாதமும் மட்டும் மஞ்சள். எல்லாவற்றுக்கும் மேல் அந்த வேகமின்மை. இவ்வளவு பெரிய பறவை இவ்வளவு மெதுவாகப் போனால் விழுந்துவிட வேண்டுமே என்று தோன்றும். அது விழவில்லை. மர உச்சிகளைத் தொட்டும் தொடாமலும், தலை குனிந்து, ஒவ்வொரு கிளையாகப் பார்த்துக்கொண்டு, எதையோ தொலைத்தவர் தேடுகிற மாதிரி போயிற்று. கருங்கழுகு. சந்தேகமே இல்லை. பெயர் தெரிந்ததும் மனசு அடங்கிவிடும் என்றுதான் நினைத்தாள். பெயர் தெரிந்த பிறகுதான் அது என்ன தேடுகிறது என்பதும் தெரிந்துபோனது. கருங்கழுகு கூடுகளைத் தேடும். முட்டையையும், இறகு முளைக்காத குஞ்சையும் தின்னும். மற்றக் கழுகுகளைப்போல வளைந்து கொக்கியாய் நிற்கும் நகங்கள் அல்ல அதற்கு, நீண்டு நிமிர்ந்தவை. பிடித்துக் கிழிப்பதைவிட அள்ளுவதற்குத் தோதானவை. சில சமயம் குஞ்சை மட்டும் எடுக்காது. கூட்டையே, உள்ளே இருப்பதோடு சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போய்விடும்.

இதை யாரிடம் சொல்வது? சொன்னபோது தினகரன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். "இங்க சிறுத்தைக்குப் பயப்படணும் செம்பா. சாயந்திரம் ஆச்சுன்னா பாப்பாவ வெளிய கொண்டு வராத. பருந்து என்ன செய்யும்?" பருந்து இல்லை, கழுகு என்று அவள் திருத்தினாள். அவன் தட்டைப் பார்த்தபடி, "சரி, கழுகு" என்றான். அந்தச் 'சரி'யில் என்னவோ இருந்தது. நோயாளியிடம் சொல்கிற சரி அது. மறுநாள், ஜன்னலோர ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய பைனாகுலர் அங்கே இல்லை. கேட்டதற்கு, "ஈரத்துல பூஞ்சை பிடிக்கும்னு மேல எடுத்து வச்சேன்" என்றான். அலமாரியின் மேல்தட்டில், அவள் கைக்கு எட்டாத உயரத்தில், துணிக்குப் பின்னால். பூஞ்சைக்குப் பயந்து வைப்பவன் துணிக்குப் பின்னால் ஏன் வைக்கவேண்டும்? நாற்காலி போட்டு ஏறி எடுத்து, இப்போது பாவாடைகள் வைக்கும் டிரங்குப் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறாள். அவன் தேடவில்லை. தேடாததும் நல்ல அறிகுறி இல்லை. எடுத்ததைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்கிறான் என்றால் வேறு எதற்கோ காத்திருக்கிறான். அம்மா இருந்தால் இவ்வளவு ஆகாது. ஐந்தாம் மாதம்தான் அனுப்புவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அம்மா ஆஸ்பத்திரியே கதியென்று ஆனதில், குழந்தைக்கு இரண்டு மாதம் முடிவதற்குள் தினகரன் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வருகிற வழியில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் குழந்தை அழுதது. அழாதபோது அவள் அழுதாள்.

பிறகு லில்லிபுஷ்பம். ஃபேக்டரி எலக்ட்ரீஷியனின் மனைவி. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. நாகர்கோவில் பக்கத்துக்காரி, நாற்பது தாண்டிவிட்டது, பிள்ளை இல்லை. வந்த அன்றே வாசலில் நின்று, "பிள்ளைய இஞ்ச தா மக்ளே, நீ போய் குளிச்சிட்டு வா" என்று கையை நீட்டினாள். நீட்டிய விதம்! கேட்கிற கை இல்லை அது, எடுக்கிற கை. அப்போது தெரியாமல் கொடுத்துவிட்டாள். குளித்துவிட்டு வந்தபோது குழந்தையிடம் வேறு பவுடர் வாசனை அடித்தது. அன்றிலிருந்து முகர்ந்து பார்க்கிறாள். தினமும் ஏதாவது சாக்கு: குழம்பு, வெந்நீர், வெயில் வந்துவிட்டது, துணியைக் காயப்போடு. வந்ததும் நேரே தொட்டிலுக்குத்தான் போவாள். சேலையை விலக்கி, குழந்தையின் உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். எதற்கு அழுத்துகிறாள்? "ராத்திரி நீ ஒறங்குகியா மக்ளே?" என்று கேட்பாள். நான் எப்போது தூங்குவேன் என்பது இவளுக்கு எதற்கு? முந்தாநாள் வேலியோரம் தினகரனும் அவளும் நின்று பேசினார்கள். செண்பகவல்லி சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தாள். "அவகிட்ட இப்பம் சொல்லாண்டாம் சார்" என்றாள் லில்லிபுஷ்பம். "பயந்து போவா. கூட்டிட்டுப் போற அன்னைக்கு சொன்னா போரும்." யாரைக் கூட்டிட்டுப் போற அன்றைக்கு? குழந்தையை. வேறு யாரை? அன்று இரவு தினகரன் குழந்தையைத் தூக்கி வைத்து வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விடைபெறுகிறவன் மாதிரி.

சின்னான் குருவிகள் கத்தின. முதலில் ஒன்று, பிறகு ஓடை வரைக்கும் எல்லாம். மலை அணில் ஒன்று தொண்டையைக் கனைத்துக் கனைத்து அலறியது. அந்த அலறல் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கைமாறி நகர்ந்ததை வைத்தே அது வருகிற பாதையைச் சொல்லிவிடலாம். வந்தது. பலாமரத்தின் உச்சிக்கு மேல், ஒரு சிறகசைப்புக்கூட இல்லாமல். எடையெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றரைக் கிலோ. அவ்வளவு பெரிய இறக்கைக்குள் இருக்கிற உடம்பு அவ்வளவுதான். மீதி இறகும் காற்றும். போன வாரம் எஸ்டேட் ஆஸ்பத்திரித் தராசில் குழந்தை நாலே முக்கால் கிலோ. எந்தக் கழுகும் தன்னைவிட மூன்று மடங்கு கனத்தைத் தூக்க முடியாது. பிள்ளையைக் கழுகு தூக்கிக்கொண்டு போன கதையெல்லாம் கதை. வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டபோது கரும்பலகையில் கணக்கே போட்டுக் காட்டியிருக்கிறாள். அந்தக் கணக்கை இப்போதும் போட்டாள். சரியாகத்தான் வந்தது. சரியாக வந்த கணக்கு மனசின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது, மற்றொரு மூலையில் அது வீட்டின் தகரக் கூரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு போனது. தகரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்லியிருந்தால்தான் உண்டு. இந்த நினைப்பு பைத்தியக்காரத்தனம் என்று உடனே தெரிந்தது. தெரிந்தும் போகவில்லை. அது ஓடைப் பக்கம் திரும்பியது. கண்ணில் இருக்கும்வரை பயமில்லை, மறைந்துவிட்டால்தான் பயம். பார்க்கவேண்டும், எங்கே போகிறது, எந்த மரத்தில் உட்காருகிறது என்று பார்த்துவிட்டால் போதும். டிரங்கைத் திறந்து பைனாகுலரைக் கழுத்தில் மாட்டினாள். குழந்தையைத் தனியே விட்டுப் போகமுடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் லில்லிபுஷ்பம் இருக்கிறாள், வாசற்கதவு பூட்டியிருந்தாலும் பின்கதவு இருக்கிறது. தூங்குகிற குழந்தையைத் துண்டோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்து இறங்கினாள்.

ஈரப் புல் காலைச் சுட்டது. குளிரும் சுடும் என்பது இந்த மலைக்கு வந்துதான் தெரிந்தது. வேலியைத் தாண்டியதும் தேயிலை. கவாத்து பண்ணி, கிள்ளிக் கிள்ளி, இடுப்பு உயரத்துக்கு ஒரே சமமாய்ப் பாய் விரித்த மாதிரி சரிவு முழுக்கக் கிடந்தது. அதன் கீழ் ஓரத்தில் ஓடைக் காடு. செடிகளுக்கு நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள். குழந்தையின் சூடான மூச்சு கழுத்தில் பட்டது. தூக்கத்தில் ஒருமுறை சப்புக்கொட்டியது. கழுகு காட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நாவல் மரத்தைச் சுற்றியிருந்த கொடிப் புதருக்கு மேல் ஒரு தரம் போய், திரும்பி, இன்னொரு தரம் வந்தது. இரண்டாவது தரம் இன்னும் மெதுவாக. இரண்டு சின்னான்கள் அதன் முதுகுக்கு மேல் ஏறி ஏறிக் கத்தின. அது பொருட்படுத்தவில்லை. கால்களை இறக்கியது. மஞ்சள் கால்கள். அந்த மஞ்சளைச் சரியாகப் பார்க்கவேண்டும் என்று பைனாகுலரைத் தூக்கினாள், திருகியைத் திருப்பினாள், மங்கல் தெளிந்தது. கறுப்பு இறகின் ஓரத்தில் பழுப்பு, வாலில் மங்கிய பட்டைகள், கடைவாய் வரைக்கும் ஏறிய மஞ்சள். கொடிக்குள் கால் போயிற்று. வந்தபோது கைப்பிடி அளவு கூடு, நாரும் வேரும் தொங்க, முழுசாய் வந்தது. எந்தக் கிளையும் முறியவில்லை, எந்த இலையும் உதிரவில்லை. அவ்வளவு பக்குவமாக எடுத்தது. பழகிய கைகூட அப்படி எடுக்காது. அதைப் பிடித்துக்கொண்டே பள்ளத்தின் மேல் மிதந்தது. மிதந்தபடியே தலை குனிந்து உள்ளே பார்த்தது. ஒன்றை எடுத்து விழுங்கியது. மறுபடி குனிந்தது. சின்னான்கள் கொஞ்ச தூரம் கூடவே போய்க் கத்தின, பிறகு ஒன்று நின்றுவிட்டது, பிறகு மற்றதும். எங்கோ பள்ளத்தைப் பார்த்த பெரிய மரத்தில் இதற்கும் ஒரு கூடு இருக்கும். தைக்கும் பங்குனிக்கும் நடுவில் முட்டை வைக்கும், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காக எத்தனை கூடு. பகை இல்லை, கோபம் இல்லை. இவ்வளவு நாளும் தன் வீட்டை அது பார்த்த பார்வையில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று நினைத்தாளே, கள்ளமே இல்லை. அது வெறுமனே பார்த்தது. கூடு வெறுமையானதும் காலை விரித்தது. நார்க்குவியல் சுழன்று சுழன்று விழுந்தது. வெகுநேரம் விழுந்துகொண்டே இருந்தது. விழுவதைப் பார்க்க நன்றாக இருந்தது. இத்தனை நாட்களில் முதல்முறையாகத் தலைக்குள் சத்தம் இல்லை. தோள் லேசாக இருந்தது. இரண்டு கையாலும் பைனாகுலரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழுகு மறுபடி மேலேறி, சரிவைப் பார்த்துத் திரும்பி, தேயிலைக்கு மேலே வருவதைத் தொடர்ந்துகொண்டே வந்தாள்.

இரண்டு கையாலும்.

தோள் லேசாக இருந்தது. குழந்தை தொட்டிலில் இருக்கிறது. இல்லை, தொட்டிலிலிருந்து எடுத்தாள். எடுத்தது நிச்சயம், துண்டோடு எடுத்தாள், கழுத்தில் மூச்சு பட்டது. அப்புறம்? பின்கதவு, புல், பாதை. அப்புறம் மஞ்சள் கால். மூச்சுக்கும் மஞ்சள் காலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஓர் இடத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்த மாதிரி இருந்தது. பைனாகுலர் கையிலிருந்து நழுவிக் கழுத்துவாரில் ஆடி மார்பில் இடித்தது. அவள் வந்துவிட்டாள், லில்லிபுஷ்பம் பின்னாலேயே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இல்லை. திரும்பினாள். தனக்குப் பின்னால், பாதைக்கு மேல்புறம், சமமாய்க் கத்தரித்த தேயிலையின் மேல், வானத்துக்கு நேராக, துண்டின் நடுவில் குழந்தை கிடந்தது. துண்டின் நான்கு மூலையும் நீவி விரிக்கப்பட்டிருந்தன. போட்டுவிட்டு ஓடியது இல்லை அது. படுக்கை விரிக்கிறவள் விரிக்கிற மாதிரி விரித்து, நடுவில் கிடத்தி, மடங்கியிருந்த மூலையையும் சரிசெய்திருக்கிறது ஒரு கை. குழந்தை விழித்திருந்தது. மேலே எதையோ பார்த்துக் காலை உதைத்தது. அதன்மேல் நிழல் ஒன்று ஊர்ந்து போயிற்று, தேயிலை முழுக்க நீளும் நிழல், அவசரமே இல்லாமல். செண்பகவல்லியால் நகர முடியவில்லை. ஒன்றரைக் கிலோ, நாலே முக்கால். தூக்காது. தூக்காது என்று தெரியும். தெரிந்துதான் வைத்தாளா? தூக்காது என்று நிரூபிக்கத்தானா? இல்லை, வருமா என்று பார்க்கவா? இத்தனை நாளும் வாசலையும் சுவரையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்தத் துண்டின் மூலையை நீவிய கையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள். ஓர் இலைத் துணுக்கு சுண்டுவிரலில் ஒட்டியிருந்தது.

"மக்ளே!"

லில்லிபுஷ்பம் வேலியைத் தாண்டிப் பாதையில் ஓடிவந்தாள். செருப்பு இல்லை. தேயிலையின் மேல் கிடந்ததைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு ஓடவில்லை, குழந்தை திடுக்கிடக் கூடாது என்பதுபோல மெல்ல நடந்து வந்து, இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் துண்டோடு வாரி எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சிரைத்தது.

"பின்கதவு திறந்து கிடந்துச்சு. தொட்டில்ல கைய விட்டுப் பாத்தேன், இல்ல. உயிரே போச்சு எனக்கு," என்றாள். "நீ இஞ்ச என்ன செய்யுக?"

"நான்தாங்க்கா வச்சேன்."

லில்லிபுஷ்பம் குழந்தையைச் சுற்றித் துண்டை இழுத்துச் செருகினாள்.

"வச்சது ஞாபகமில்ல. ஆனா நான்தான் வச்சிருக்கேன். அது வருதான்னு பாக்க வச்சேனோ என்னவோ. எனக்குத் தெரியலக்கா."

திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. லில்லிபுஷ்பம் குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். "குளிர்ந்து போச்சு, பாரு," என்று தன் முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். அதற்குத்தானா அது? இத்தனை நாளும் சூடு இருக்கிறதா என்றுதான் பார்த்தாளா?

"சார்கிட்ட நான் சொல்லிட்டுதான் இருக்கேன் மக்ளே. நீ ஒறங்கவே இல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் விடிய விடிய நடக்க சத்தம் கேக்குது, ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டணும்னு. பொள்ளாச்சில ஒருத்தி இருக்கா. வர்ற திங்கக்கிழமை உன்னைக் கூட்டிட்டுப் போகணும்னு லீவு சொல்லிருக்காரு. முன்னாடியே சொன்னா நீ பயந்து போவியோன்னு நான்தான் தடுத்தேன்."

என்னை. கூட்டிப்போக இருந்தது என்னை. இதுவும் பொய்யாக இருக்கலாம் என்று உள்ளே ஒரு குரல் உடனே எழுந்தது. சொல்லிக்கொடுத்த பதில், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிற பதில். அந்தக் குரல் அவளுக்கு நன்றாகப் பழக்கமான குரல். அதை நம்பித்தான் இத்தனை நாளும் தாழ்ப்பாள் போட்டாள். துண்டை விரித்தபோதும் அதுதான் பக்கத்தில் இருந்திருக்கும். செண்பகவல்லி பாதையில் உட்கார்ந்தாள். லில்லிபுஷ்பத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

"பசிக்குது போல. பால் குடுக்கியா?" லில்லிபுஷ்பம் குழந்தையை நீட்டினாள்.

"வேண்டாங்க்கா. இப்ப என் கையில குடுக்காதீங்க."

"நான் கூடத்தான இருக்கேன்."

"அப்ப நீங்க பிடிச்சுக்கிடுங்க. விடாதீங்க."

லில்லிபுஷ்பம் அந்த ஒரு சாணையும் நகர்ந்து வந்து, தோளோடு தோளாக உட்கார்ந்து, குழந்தையைத் தன் கைகளோடேயே அவள் மடியில் வைத்தாள். குழந்தை தேடிப் பிடித்துக் குடிக்கத் தொடங்கியது. நான்கு கைகளில் எது யாருடையது என்று அதற்குக் கவலை இல்லை. சரிவில் காற்று ஏறியது. ஓடைப் பக்கம் சின்னான்கள் அடங்கிவிட்டன. கழுகு போய்விட்டதா, எங்காவது உட்கார்ந்திருக்கிறதா என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாருக்குப் போன் போடட்டா?"

"போடுங்க." கொஞ்சம் யோசித்தாள். "இல்லக்கா, குடுங்க. நானே சொல்றேன்."

லில்லிபுஷ்பம் ஒரு கையைக் குழந்தைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, எண்ணை அழுத்தி அவள் காதில் வைத்தாள். மேல்காட்டில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று தோன்றியபோது எடுத்தான்.

"சொல்லுங்க லில்லியக்கா, செம்பா நல்லா இருக்காள்ல?"

"நான்தாங்க," என்றாள். "நீங்க உடனே வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"என்ன, மறுபடி அந்தக் கழுகா?"

"கழுகு இல்லங்க. என்னைப் பாத்துத்தான் பயமா இருக்கு."

மருந்தடிக்கும் மிஷினின் இரைச்சல் கேட்டது. பிறகு அதை நிறுத்தச் சொல்லி யாரையோ பார்த்து அவன் கத்துவது கேட்டது. பிறகு பைக்கை உதைக்கும் சத்தம், ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாவதில் பற்றிக்கொண்டது.